துணை இருந்தும் பாரம் ஏன் குறையவில்லை? மன அழுத்தத்தில் உதவி கேட்கவும் கொடுக்கவும் ஒரு கையேடு

மன அழுத்தம் என்று வாயெடுத்தாலே தூக்கம், மூச்சுப் பயிற்சி, நடைப்பயிற்சி என்று ஆலோசனைகள் வந்துவிடும். எல்லாம் தேவையானவைதான். ஆனால் கூட இருக்கும் மனிதர்களைப் பற்றிய பேச்சு கடைசி வரியில் போகிறபோக்கில்தான் வரும். ஆய்வுகள் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் இடமோ பெரியது. கலிஃபோர்னியாவின் அலமீடா கவுண்டியில் 1965இல் விவரம் சேகரித்த கிட்டத்தட்ட 7,000 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1979இல் ஆய்வாளர்கள் லிசா பெர்க்மனும் லியோனார்டு சைமும் முடிவை வெளியிட்டார்கள். புகை, குடி, உடல் எடை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், உறவுத் தொடர்பு குறைந்தவர்களிடையே இறப்பு கூடுதலாகவே இருந்தது. 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை, மொத்தம் 3,08,849 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உறவுப் பிணைப்பு வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக்காலத்தில் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு நண்பர்கள் எண்ணிக்கையைக் கூட்டப் புறப்பட்டால் பலன் இருக்காது. தேவைப்படும் வகை உதவி, அதைத் தரக்கூடிய ஆளிடமிருந்து, வாங்குபவருக்குக் கூச்சம் தராத விதத்தில் வர வேண்டும். மூன்றாவது விஷயம் முழுக்கப் பண்பாடு சார்ந்தது. எப்படிக் கேட்கலாம், எதை வாய்விட்டுச் சொல்லலாம், வாங்கியதை எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதையெல்லாம் நாம் வளர்ந்த சூழல் சிறுவயதிலேயே நமக்குள் எழுதிவிடுகிறது. இந்த மூன்றில் எது பிசகினாலும் உதவியே இன்னொரு பாரமாகிவிடும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

ஆபத்து என்று மூளை முடிவு செய்த நொடியில் அட்ரினலின் பாய்கிறது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. சில நிமிடங்களில் மூளையிலுள்ள ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி என்று சங்கிலியாகச் செய்தி போய்க் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கூடுகிறது. ஆபத்து விலகியதும் எல்லாம் அடங்கிவிட்டால் தொந்தரவு இல்லை. மாதக்கணக்கில் அடங்காமல் இருந்தால்தான் சிக்கல். 1995இல் ஜானிஸ் கீக்கோல்ட்-கிளேசர் குழு, மறதிநோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களையும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் ஒப்பிட்டது. எல்லோருடைய தோலிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னக் காயம். மற்றவர்களுக்கு அது ஆறச் சராசரியாக 39 நாள். பராமரிப்பவர்களுக்கு 48 நாளுக்கு மேல். பட்டாணி அளவுகூட இல்லாத புண்ணுக்கு ஒன்பது நாள் தாமதம்.

துணை இந்தச் சங்கிலியை எங்கே தொடுகிறது? ஜேம்ஸ் கோன் குழு 2006இல் 16 மணமான பெண்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, மின்னதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்துவிட்டு மூளையைப் பார்த்தது. கணவரின் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்துக்கு எதிர்வினை காட்டும் பகுதிகள் அடங்கின. முன்பின் தெரியாதவரின் கைக்கும் ஓரளவு பலன் இருந்தது, ஆனால் குறைவு. தாம்பத்தியம் எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவுக்கு மூளை அமைதியானது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதாது, அந்த உறவின் தரமும் சேர்ந்துதான் உடலுக்குள் போகிறது.

முதல் வேலை: ஒரு தாள், அரை மணி நேரம்

ஏ4 தாளைக் குறுக்காகத் திருப்பி வையுங்கள். இடது ஓரத்தில், இப்போது உங்களை அழுத்தும் மூன்று பாரங்களை மட்டும் எழுதுங்கள். “வேலை டென்ஷன்” என்று எழுதினால் பயன்படாது. “அம்மாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன், அதனால் புதன்கிழமை மீட்டிங் தவறுகிறது” என்ற அளவுக்கு நுணுக்கம் வேண்டும். நுணுக்கமாக எழுதினால்தான் எந்த உதவி பொருந்தும் என்பது தெரியும்.

தாளின் மேல் ஓரத்தில் நான்கு பத்திகளுக்கு (நெடுவரிசைகளுக்கு) தலைப்பு எழுதுங்கள். ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் பிரித்துக் காட்டிய நான்கு வகைகள்தான் இவை. ஆறுதல்: காதுகொடுத்துக் கேட்பது, அன்பாக இருப்பது. கை உதவி: பணம், நேரம், வண்டி, வேலை. தகவல்: எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் படிவம் வேண்டும். மதிப்பீடு: “நீ செய்வது சரிதான்” அல்லது “இந்த இடத்தில் தப்பு” என்று நேர்மையாகச் சொல்வது.

ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் எழுதுங்கள். கடந்த ஆறு மாதத்தில் அந்த வகை உதவியை உண்மையிலேயே செய்தவர், அல்லது இன்றிரவு தயங்காமல் கூப்பிடக்கூடியவர், இவர்களை மட்டும். ஒரு காலத்தில் நெருக்கமாக இருந்தவர்கள் இந்தத் தாளுக்கு வேண்டாம். பிறகு ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ஒரு குறி: பேசிவிட்டு வந்தபின் மனம் லேசாகிறதா (+), கனக்கிறதா (−), இரண்டுமா (±).

எழுதி முடித்ததும் முதலில் பார்க்க வேண்டியது, ஒரே பெயர் எத்தனை கட்டங்களில் இருக்கிறது என்பதை. பலருக்கு வாழ்க்கைத்துணையின் பெயரே நான்கு பத்திகளிலும் வரும். அவர் நோய்வாய்ப்பட்டால், அல்லது அந்த வார அழுத்தத்துக்கு அவரே காரணமாகிவிட்டால், நான்கும் ஒரே நாளில் காலியாகிவிடும். அடுத்து, பெயர்கள் எத்தனை வேறுவேறு இடங்களிலிருந்து வருகின்றன? 1997இல் ஷெல்டன் கோஹன் குழு 276 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் ஜலதோஷ வைரஸ் சொட்டுகளை விட்டு, தனியே வைத்துக் கவனித்தது. பெற்றோர், துணை, பிள்ளை, அக்கம்பக்கம், உடன் வேலை செய்பவர், குழு உறுப்பினர் என்று பல வகை உறவுகளில் ஒன்று முதல் மூன்று வகை மட்டும் இருந்தவர்களுக்கு, ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்குச் சற்று மேல். ஆகவே அதே அலுவலகத்தில் ஐந்தாவதாக ஒரு நண்பரைத் தேடுவதைவிட, முற்றிலும் வேறொரு வட்டத்திலிருந்து ஒருவரோடு பழகத் தொடங்குவது மேல் என்பதே எங்கள் பரிந்துரை.

± குறி போட்டவர்களை அலட்சியமாக விடக் கூடாது. பெர்ட் உச்சினோவும் ஹோல்ட்-லன்ஸ்டாடும் சேர்ந்து, நாள் முழுக்க ரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். அன்பும் குத்தலும் மாறிமாறி வரும் உறவினரோடு இருந்த நேரங்களில்தான் அழுத்தம் அதிகம் ஏறியது. பிடிக்காதவர்களோடு இருந்தபோதுகூட அவ்வளவு ஏறவில்லை. இன்று எந்த முகம் வருமோ என்று உடல் முன்கூட்டியே தயாராகிக்கொள்வதால் இருக்கலாம். இத்தகையவர்களை அறுத்துவிடுவது பெரும்பாலும் முடியாது, தேவையும் இல்லை. அவர்களை வேறு பத்திக்கு மாற்றிவிடுங்கள். ஆறுதல் கட்டத்திலிருந்து எடுத்துக் கை உதவிக் கட்டத்தில் வையுங்கள். “சாயங்காலம் பையனைக் கொஞ்சம் கூட்டிட்டு வந்துடுறீங்களா?” என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். சம்பளம், கல்யாணம், மருத்துவ அறிக்கை என்று காயப்படும் பேச்சுகளை அவர்களிடம் எடுக்க வேண்டாம். சந்திப்புக்கு முன்பே முடியும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

கேட்கும் விதம்

நல்ல கோரிக்கையில் நான்கு விஷயங்கள் இருக்கும்: என்ன, எப்போது, எவ்வளவு நேரம், மறுக்க வழி. உதாரணமாக: “அக்கா, வர்ற புதன்கிழமை காலைல ஒன்பதுல இருந்து ஒரு மணி வரைக்கும் அம்மாகூட ஆஸ்பத்திரில இருக்க முடியுமா? முடியலன்னா பரவால்ல, அடுத்த வாரம் பாத்துக்கலாம்.” கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். மறுத்ததும் முகம் சுருங்கினால் அடுத்தமுறை போனையே எடுக்க மாட்டார்கள்.

ஆறுதல் வேண்டும்போது, அது ஆறுதல் மட்டும்தான் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். “யோசனை எதுவும் வேண்டாம்டா, பத்து நிமிஷம் நான் பேசுறதைக் கேளு, போதும்.” இதைச் சொல்லாவிட்டால், அன்பு மிகுந்தவர்கள்தான் முதலில் தீர்வு சொல்லத் தொடங்குவார்கள். நமக்கோ அது கண்டிப்பதுபோல் கேட்கும். இரு பக்கமும் வருத்தம்.

வழக்கமாகக் கெடும் இடங்கள் மூன்று. குழுவில் “யாராவது உதவ முடியுமா?” என்று போட்டால், வேறு யாராவது செய்வார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள்; ஒருவர் பெயரைச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். தாங்கமுடியாத கட்டம் வரை காத்திருந்து பெரிய உதவியாகக் கேட்பது அடுத்த தவறு. சாதாரண நாட்களிலேயே பதினைந்து நிமிட உதவி ஒன்றைக் கேட்டுப் பழகியிருந்தால் வழி திறந்தே இருக்கும். மூன்றாவது, உதவி முடிந்தபின் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விடுவது. “நீ சொன்ன டாக்டரைப் பார்த்தேன், மருந்து மாத்தியிருக்காங்க” என்ற ஒரு வரிச் செய்தி போதும்.

இன்னொரு பொறி இருக்கிறது. இரண்டு நண்பர்கள் ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருப்பது. அமாண்டா ரோஸ் 2002இல் பிள்ளைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் கவனித்தது இது: இப்படிப் பேசுபவர்களிடம் நட்பு இறுக்கமாக இருந்தது, கூடவே பதற்றமும் சோர்வும் அதிகமாக இருந்தன. இருபது நிமிடம் பாரத்தைப் பேசுங்கள்; பிறகு யாராவது ஒருவர் “சரி, நாளைக்குக் காலைல முதல் வேலையா என்ன செய்யலாம்?” என்று கேட்க வேண்டும் என முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்விட்டுக் கேட்க வராதவர்களுக்கு

“மனம் விட்டுப் பேசு” என்பதை எல்லோருக்குமான மருந்துபோல் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஷெல்லி டெய்லர், ஹீஜுங் கிம், டேவிட் ஷெர்மன் குழு 2007இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை அழுத்தம் தரும் ஒரு வேலைக்கு உட்படுத்தியது. அதற்கு முன் ஒரு பிரிவினர் நெருங்கியவரிடம் உதவி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் தமக்கு நெருக்கமான குழுவைப் பற்றியும் அது தமக்கு ஏன் முக்கியம் என்பது பற்றியும் எழுதினார்கள். கோரிக்கை எதுவும் இல்லை. ஐரோப்பியப் பின்னணி மாணவர்களுக்கு முதல் வழியில் அழுத்தம் குறைவாக இருந்தது. ஆசியப் பின்னணி மாணவர்களுக்கோ இரண்டாவது வழியில். எச்சிலில் அளந்த கார்டிசாலிலும் அந்த வேறுபாடு தெரிந்தது. உதவி கேட்டால் அடுத்தவருக்குச் சுமையாகிவிடுவோம், மானம் போய்விடும், குடும்பத்தின் நிம்மதி குலையும் என்ற கவலைகள் வலுவாக உள்ள பண்பாட்டில், கேட்பதே தனி அழுத்தம்.

அப்படிப்பட்டவர் நீங்களானால், அல்லது நீங்கள் அக்கறைப்படுபவர் அப்படியானால், பேச்சைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், சேர்ந்து செய்யும் ஒரு வேலை என்று வையுங்கள்: நடப்பது, செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, துணி மடிப்பது. எதிரெதிரே உட்காராமல் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது உதவும். கண்ணைப் பார்க்க வேண்டாம் என்றாலே பலருக்கு வாய் திறக்கும். திறக்காவிட்டாலும் அந்த ஒரு மணி நேரம் வீண் இல்லை. நாலு வாரம் தவறாமல் நடக்கட்டும். தேதி தவறாமல் இருப்பதுதான் இங்கே மருந்தாக வேலை செய்கிறது.

இதெல்லாம் குழுக்களின் சராசரி. ஒரே வீட்டில் அண்ணன் பேசித் தீர்ப்பவராகவும் தங்கை மௌனமாக ஆறுபவராகவும் இருக்கலாம். பூர்வீகத்தை வைத்து முடிவு கட்டாமல் நேராகவே கேட்டுவிடலாம்: “கஷ்டமா இருக்கிறப்போ பேசினா உனக்கு லேசாகுமா, இல்ல யாராவது பக்கத்துல இருந்தா போதுமா?”

துயரத்தை உடலின் மொழியில் சொல்லும் பண்பாடுகளும் நிறைய. மனநல மருத்துவர் ஆர்தர் க்ளைன்மன் சீனாவின் ஹூனானில் செய்து 1982இல் வெளியிட்ட ஆய்வில், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று மருத்துவமனைக்கு வந்த 100 பேரில் 87 பேருக்கு மனச்சோர்வு நோயின் அறிகுறிகள் இருந்தன. அவர்கள் சொன்னதோ தலைவலி, தூக்கமின்மை, தலைசுற்றல். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் இத்தகைய மனத்துயரத்துக்கு ‘குஃபுங்கிசிசா’ என்று பெயர். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். “நெஞ்சு பாரமா இருக்கு” என்று ஒருவர் சொல்லும்போது, “அது டிப்ரெஷன்” என்று திருத்தினால் அவர் வாயை மூடிக்கொள்வார். அவருடைய சொல்லையே எடுத்துக்கொண்டு கேளுங்கள்: இந்தப் பாரம் எப்போது தொடங்கியது? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இதனால் எந்த வேலை தடைபடுகிறது? இதில் உங்களுக்கு மிகவும் பயம் தருவது எது? நோயாளி தன் நோயை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதை அறிய க்ளைன்மன் வகுத்த கேள்விகளின் வழியில் வந்தவை இவை. வீட்டில் பேசவும் பொருந்தும். நெஞ்சுவலி, திடீர் மூச்சுத் திணறல் என்றால் மட்டும் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனம்தான் காரணம் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

வாங்கிய உதவியைக் கடனாக நினைக்கும் வழக்கம் இன்னொரு தடை. “எனக்கு எதுவும் வேண்டாம்” என்று மறுப்பவரிடம், முதலில் நீங்கள் ஒரு சின்ன உதவியைக் கேளுங்கள்: ஒரு கணக்கைச் சரிபார்க்க, ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்ல. கணக்கு சமமானதும் வாங்கும் கை இளகும். கொடுப்பது கொடுப்பவருக்கும் நல்லது. ஸ்டெஃபனி பிரவுன் குழு 2003இல் 423 முதிய தம்பதிகளை ஐந்தாண்டு கவனித்ததில், பிறருக்கு உதவி செய்துவந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது.

இடம் பெயர்ந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மைக்கேல் மார்மட்டும் சைமும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 3,809 பேர் இருந்தார்கள். தம் சமூகத்தோடு பழைய பிணைப்பைக் காத்தவர்களிடம் இதயநோய் ஜப்பானில் உள்ள அளவுக்குக் குறைவு. புதிய பண்பாட்டில் முழுக்கக் கரைந்தவர்களிடம் மூன்று முதல் ஐந்து மடங்கு. உணவு, புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றால் மட்டும் அந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. புது ஊருக்குப் போனதும் மூன்று பேரைத் தேடிக்கொள்ளுங்கள்: தாய்மொழியில் பேச ஒருவர், அந்த ஊரின் நடைமுறை தெரிந்த ஒருவர், அரை மணி நேரத்தில் நேரில் வந்து நிற்கக்கூடிய ஒருவர். ஊரிலிருந்து தினமும் வரும் வீடியோ அழைப்பு ஆறுதல் பத்தியைத்தான் நிரப்பும். காய்ச்சலில் கிடக்கும்போது கதவைத் தட்டி மருந்து தர, பக்கத்தில் இருப்பவரால்தான் முடியும்.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த நெருக்கமான சமூகத்தில் தாங்கும் கைகள் அதிகம், கண்காணிக்கும் கண்களும் அதிகம். மனநல சிகிச்சை, மணமுறிவு, கடன் போன்ற விஷயங்களுக்கு அந்த வட்டத்துக்கு வெளியே ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும். இது குடும்பத்துக்குத் துரோகம் ஆகாது.

நீங்கள் கொடுக்கும்போது

“எதுனாலும் சொல்லு” என்பது அன்பான வாக்கியம்தான். ஆனால் எதைக் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம் என்று யோசிக்கும் வேலையை அது களைத்துப்போனவர் தலையில் வைக்கிறது. “வியாழக்கிழமை காலைல நான் வந்து அப்பாவைப் பாத்துக்கிறேன், நீ தூங்கு” என்றால் அவர் “சரி” என்று சொன்னால் போதும்.

முடிந்தால் உதவி என்ற பெயரே இல்லாமல் செய்யுங்கள். நயல் போல்ஜர் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கறிஞர் தேர்வுக்குப் படிக்கும் ஒருவரும் அவருடைய துணையும் தினமும் தனித்தனியாகக் குறிப்பு எழுதினார்கள். துணை உதவியதாக எழுதி, படிப்பவர் அதைக் கவனிக்காமல் விட்ட நாட்களில்தான் பலன் நன்றாக இருந்தது. உதவி கண்ணில் பட்டபோது “என்னால் சமாளிக்க முடியவில்லையோ” என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. குழாய் ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டு, அதை அறிவிக்காமல் இருப்பது இந்த வகை. ஆனால் அவரே வாய்விட்டுக் கேட்டுவிட்டால், வெளிப்படையாகவே செய்ய வேண்டும். அங்கே மௌனம் அலட்சியமாகத் தெரியும்.

துக்கத்தில் மட்டும் ஓடிவருவது போதாது. ஷெல்லி கேபிள் 2004 முதல் காட்டிவருவது, நல்ல செய்தியை எப்படி வரவேற்கிறோம் என்பதும் உறவின் பலத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை. பதவி உயர்வு என்று ஒருவர் சொன்னால் “வேலை கூடுமே, பாத்துக்கோ” என்று தொடங்காதீர்கள். போனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: எப்படிச் சொன்னாங்க? கேட்டதும் உனக்கு எப்படி இருந்துச்சு?

தெருவிலோ சங்கத்திலோ முறையாகச் செய்ய

ஜிம்பாப்வேயின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரே நகரில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சில் உட்காரவைத்தார். அதுதான் பின்னாளில் ‘நட்பு பெஞ்ச்’. 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. அங்கே கலைச்சொற்கள் கிடையாது, பாட்டிகளும் நோயாளிகளும் பேசியது ‘குஃபுங்கிசிசா’ என்ற அவர்கள் சொல்லில்தான்.

அந்த முறையின் எலும்புக்கூட்டை எந்தக் குடியிருப்பிலும் பயன்படுத்தலாம். ஊர் நம்பும் மூத்தவர் ஒருவர், மறைவும் இல்லாமல் கூட்டமும் இல்லாமல் ஓர் இடம், ஒரு சந்திப்புக்கு அரை மணி முதல் முக்கால் மணி, மொத்தம் ஆறு சந்திப்பு வரை. முதல் சந்திப்பில் எல்லாப் பிரச்சினைகளையும் கொட்டவிட்டுப் பட்டியல் போடுங்கள். அதில் ஒன்றை மட்டும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். கேட்பவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. அந்த ஒன்றுக்குச் சாத்தியமான வழிகளை அவர் வாயாலேயே சொல்லவைத்து, ஒரு வழியை எடுத்து, ஒரு வாரத்துக்குள் முடியும் சின்ன அடியாக நறுக்குங்கள். “கடனை அடைப்பேன்” என்பது அடி ஆகாது. “செவ்வாய்க்கிழமை போய் பாக்கி எவ்வளவு என்று எழுதி வாங்குவேன்” என்பதுதான் அடி. அடுத்த வாரம் முதல் கேள்வி: செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சு? நடக்கவில்லை என்றால் திட்டாமல் அடியை இன்னும் சிறிதாக்குங்கள்.

இந்த அளவு துணையால் தாங்கமுடியாத நிலை ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அன்றாட வேலை நின்றுபோனால் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். “நான் இல்லாமலே போனா நல்லது” என்பதுபோல் ஒருவர் பேசினால் சுற்றிவளைக்காமல் கேளுங்கள்: “உயிரை விட்டுடணும்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை, பலருக்குச் சொல்ல ஒரு வாசல் கிடைத்த நிம்மதிதான் வரும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிக்கொல்லி, கூரான பொருள்கள் எல்லாவற்றையும் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள். உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணை அழையுங்கள். ஆள் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.